கடைசி ஆள் வரும்வரை

தம்பியை நிறுத்திவைத்த முச்சந்தி, அவனையும் அவன் பைக்கையும் சுமந்துகொண்டு, விடிவதற்குள் வேறு எங்கோ போய்விட்டது. அது இருந்த இடத்தில் பிரிவே இல்லாத நேர்பாதைதான் கிடந்தது. மண்பாதைகளில் வாரக்கணக்கில் பைக் ஓட்டும் அவனுடைய கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பல் டாக்டர் முன்னால் போவார். பாதை பிரியும் இடத்தில் அவருக்கு அடுத்து வருகிறவர் இறங்கி, போக வேண்டிய பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். கடைசி ஆள் வந்து சேரும்வரை அசையக் கூடாது. கடைசி ஆள் எப்போதும் தம்பியின் அக்காதான். பைக் சீட் தைப்பது அவள் தொழில். ஊசிநூல் முதல் ஸ்பேனர் வரை எல்லாம் அவள் பையில் இருக்கும். அன்று பெட்ரோல் குறைந்துவிட்டதே என்று வறண்ட ஆற்றுப்படுகையில் குறுக்கே புகுந்தவள், தம்பி நின்ற முச்சந்தியைத் தொடாமலே, கூடாரம் போடும் இடத்தில் மற்றவர்களோடு ஒட்டிக்கொண்டாள். கடைசி ஆள் வந்தாயிற்று, அப்படியானால் எல்லோரும் வந்தாயிற்று என்று அத்தனை பேரும் ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். அவளும்தான். தம்பி எங்கே என்று அவள் தேடியபோது இருட்டிவிட்டது.

பிறகு அந்த முச்சந்தி தென்படாத இடமில்லை. கோடையில் உப்பளத்துக்குப் பக்கத்தில் லாரிக்காரர்கள் பார்த்தார்கள். மழைக்காலத்தில் கல்குவாரிக்குப் பின்னால் கிடந்தது. நில அளவைக்காரர்கள் கல் நட்டுப் பார்த்தார்கள். அது கல்லையும் சேர்த்தே கொண்டுபோனதால் தலைமுழுகிவிட்டார்கள். தம்பி காட்டிய பக்கம் போன யாரும் வழிதவறியதில்லை. தண்ணீர் கொடுத்தால் குடித்தான். கூட வா என்றால், கடைசி ஆள் வரட்டும் என்றான். வயதும் ஏறவில்லை. அம்மா இதையெல்லாம் கேட்டுக் கேட்டே கண்ணை மூடினாள். அக்காவின் கண்ணில் மட்டும் முச்சந்தி படவில்லை. அவள் போய்ச் சேரும்போது ஸ்டாண்ட் குத்திய குழியும் இன்னும் சூடு ஆறாத ஆயில் சொட்டும்தான் மிச்சமிருக்கும். நான்தானே அவனை நடுத்தெருவில் விட்டேன் என்று அந்தக் குழியருகே உட்கார்ந்து அழுவாள்.

பல வருஷம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. தேடிப்போகும்போதெல்லாம் துணைக்கென்று யாராவது பின்னால் வந்துகொண்டே இருந்தார்கள். அவள் எங்கே கடைசி ஆள்? அடுத்த முறை எல்லோரையும் முன்னால் அனுப்பினாள். டயரில் காற்றைக் குறைத்து, எழுந்து நின்றபடி மணலில் தனியாக ஓட்டினாள். மேட்டில் ஏறியதும் தூரத்தில் நீட்டிய கை தெரிந்தது. அதே நொடியில் முச்சந்தி அடிவான விளிம்போடு நழுவத் தொடங்கியது. திரும்பினால், மனசு கேட்காமல் சுற்றி வந்த டாக்டர் பின்னால் நிற்கிறார்.

"டாக்டர், முன்னாடி போங்க!"

"விழுந்தா யாரும்மா தூக்குவா?"

"கெஞ்சிக் கேக்கறேன், போங்க! அவன் போறான் பாருங்க!"

டாக்டர் அவளைக் கடந்து, முச்சந்தியைக் கடந்து, புழுதிக்குள் மறைந்தார். நழுவிய மண் நின்றது. அக்கா அவன் அருகே போய் பிரேக் பிடித்தாள். தம்பி அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"பின்னாடி யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லடா. நான்தான் கடைசி."

"எவ்ளோ நேரம்க்கா? சீக்கிரம் வா, அம்மா திட்டப் போறாங்க."

மழுப்பலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். முடியவில்லை. குறுக்கே புகுந்ததையும் சொன்னாள், அம்மா போய்விட்டதையும் சொன்னாள். அவன் அவளுடைய நரைத்த முடியை வெகுநேரம் பார்த்தான். திட்டியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீ முன்னாடி போ," என்றான். "நான் கடைசியா வரேன்."

அடுத்த பிரிவில் அக்கா இறங்கிக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். காலடி மண் மெல்ல நகர ஆரம்பித்தது. தூரத்து மரங்கள் இடம் மாறின. அவள் அசையவில்லை. வெகுநேரத்துக்குப் பிறகு பின்னால் அவனுடைய பைக் சத்தம் கேட்டது. வந்து நின்றான், மண்ணும் நின்றது. அழுத முகம். அவள் கையை இறக்கினாள்.