எதிரே வந்தவருக்கு ஒரு விரல்

குன்னமுல்லா ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்காரரின் மண்டையை ஸ்பேனரால் பிளந்துவிட்டு, அவருடைய வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தோம். ஐஸ் போதைமருந்து கிடைக்காமல், வண்டி ஓட்டிய டெரிக்குக்குக் கை உதறியது. ஆனாலும் எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தான்.

"ஆளை அடிச்சுப் போட்டுட்டு வர்ற நாயே, உனக்கு இந்த மரியாதை வேறயா?" என்றேன்.

"நம்ம ரோட்டுல விரல் தூக்கலன்னாதான்டி சந்தேகப்படுவாங்க."

எதிரே வந்த போலீஸ்காரருக்கும் தூக்கினான். அவரும் தூக்கினார். பிறகு வண்டியைத் திருப்பி எங்களைத் துரத்திப் பிடித்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. எங்களுக்கு விலங்கு மாட்டியவரிடமே கேட்டேன்: "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பதினோரு வருஷமா இந்த வண்டியை எதிர்ல பாக்குறேன். இதை ஓட்டுற அந்தச் சிடுமூஞ்சி ஒருநாளும் எனக்கு விரல் தூக்கினதில்ல. உயிரோட இருக்கானா?"

அவரை அடித்துப் போட்ட பிறகு நாங்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை.