கரி இல்லாமல் நடப்பவர் பட்டியல்

இந்த மடலைப் பெறும் ஐந்நூற்றுச் சொச்சம் பேருக்கும் ரமணியின் வணக்கம்.

சென்ற மடலில் ‘நண்டுத்தீவு’ விளையாட்டுக்குப் பத்துக்கு எட்டு கொடுத்திருந்தேன். அந்த எட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். காரணத்தை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது, அதுவரை பொறுமையாகப் படியுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நண்டுத்தீவில் வெறுங்கையோடு கரை ஒதுங்குவீர்கள். மரம் வெட்டி, குடிசை கட்டி, வேட்டையாடிப் பிழைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே தீவு. என் வீட்டு வாசலைத் தாண்டி நீங்கள் நடந்து போகலாம். அங்கே பொழுது சாய்வதும் நம் கடிகாரப்படி ஏழு மணிக்குத்தான். விளையாட்டு இன்னும் முடியவில்லை. ‘ஏர்லி ஆக்செஸ்’ என்று முன்கூட்டியே விற்பனைக்கு விட்டு, ஆடுகிறவர்கள் சொல்லும் குறைகளைத் திருத்திக்கொண்டே போகிறார்கள். செய்தவர்கள் யுகேந்திரனும் இக்மலும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்புறம் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது அவர்கள் அலுவலகம்.

எந்த விளையாட்டையும் பதினான்கு நாள் ஆடிப் பார்க்காமல் நான் மதிப்பெண் போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் மாலை, சுட்ட ஆட்டிறைச்சியைப் பையில் வைத்துக்கொண்டு கடற்கரை வழியே வீடு திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் மணலில் என் தடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு தடம். வெறுங்கால். எல்லாமே இடது கால். ஆளைக் காணோம். நான் நின்றால் அதுவும் நின்றது. மறுநாள் மீன் கொண்டு போனேன், வரவில்லை. அதற்கு மறுநாள் மீண்டும் இறைச்சி, மீண்டும் தடம்.

புக்கிட் மெர்தாஜாமில் எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் கறிக்குழம்பை வெளியே கொண்டு போனால், தூக்குப் பையில் ஒரு கரித்துண்டைப் போடாமல் அம்மா விடமாட்டார். பின்னால் எதுவும் வராமல் இருப்பதற்காம். உங்களில் பலர் வீட்டிலும் இது உண்டு. விளையாட்டில் விறகைச் சுட்டால் கரி கிடைக்கும். விளையாட்டாகத்தான் ஒரு துண்டைப் பையில் போட்டேன்.

தடம் பாதி வழியில் நின்றது. பிறகு திரும்பி, தென்னைகளுக்கு அப்பால் யாரோ கட்டியிருந்த வீட்டை நோக்கிப் போனது.

அது இன்னொருவர் வீட்டுக்குத் திரும்பிப் போனதை அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். உங்களுக்கு எழுதிய மடலில் எழுதவில்லை. ‘நம் வழக்கத்தை இவ்வளவு அழகாக விளையாட்டில் வைத்தவர்களை எப்படிப் பாராட்டாமல் இருப்பது? எல்லோரும் கரியோடு நடந்து பாருங்கள்’ என்று மட்டும் எழுதினேன். தவறு அந்த இடத்தில்தான். அது என்னுடையது.

மடல் வந்த மறுநாள் யுகேந்திரன் அழைத்தான்.

“அக்கா, ரொம்ப நன்றிக்கா. ஆனா ஒண்ணு கேக்கணும். எந்தக் கரி? எந்தக் கால் தடம்?”

“விளையாடாதே தம்பி. நீங்க வச்சதுதானே?”

“நாங்க வைக்கவே இல்லைலா. முழுக்கத் தேடிட்டோம். இக்மல்கிட்ட சொன்னா சிரிக்கிறான்.”

பின்னால் இக்மலின் குரல் கேட்டது. “எங்க அத்தா நாசி கண்டார் சோத்துக் கடைக்கு தினம் ஒரு அண்டா ஆட்டுக்கறி தூக்கறாருக்கா! அவரு பின்னாடி பூனைதான் வருது!”

மூவரும் சிரித்தோம். குறை எங்கே இருக்கிறது என்று தானே நடந்து பார்த்துவிடுவதாக இக்மல் சொன்னான். அதற்குள் உங்களில் முந்நூறு பேருக்குமேல் பையில் கரியோடு நடந்துகொண்டிருந்தீர்கள். கரி இல்லாமல் நடந்தவன் இக்மல் ஒருவன்தான்.

பதினொரு நாள் அவர்களிடமிருந்து தகவலே இல்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு என் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். படிக்கட்டில் இருந்த ஈரத்தை யுகேந்திரன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

“மழைத்தண்ணி உள்ள வந்துச்சா?”

“மழையே இல்லக்கா,” என்றான்.

மேலே இக்மல் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முகம் இளைத்திருந்தது. திரையில் அவன் குடிசையைச் சுற்றி மணலே தெரியாதபடி இடது கால் தடங்கள். கடைசி இரண்டும் வாசற்படியின்மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

“அணைச்சிட்டு வீட்டுக்குப் போயேன்பா,” என்றேன்.

“அணைச்சாதான்க்கா படிக்கட்டுல கேக்குது.”

“நீயும் ஒரு கரி வச்சுக்க வேண்டியதுதானே?”

பதிலை யுகேந்திரன்தான் சொன்னான். “வச்சான்க்கா. அன்னிக்குத் தீவுல கரி இல்லாத ஆளே கிடையாது. தடம் நேரா கடலுக்குள்ள போச்சு. அப்பாடான்னு உக்காந்தோம். கொஞ்ச நேரத்துல கீழ முதல் படியில ஒரு சத்தம். அப்புறம் ரெண்டாவது படி. இவன் கரியைத் தூக்கிப் போட்டப்புறம்தான் நின்னுச்சு. போய்ப் பாத்தா அஞ்சு படி ஈரம்.”

இக்மலின் மகள் நஜ்வாவுக்கு மூன்று மாதம். அவள் இருக்கும் வீட்டுக்கு அது பின்னால் வந்துவிடுமோ என்று ஒன்பது நாளாக அவன் வீட்டுக்கே போகவில்லை. அவன் மனைவி லைலா தினமும் சோற்றுப் பொட்டலத்தைக் கீழே கொடுத்துவிட்டு, மேலே பார்த்துக் கையசைத்துவிட்டுப் போகிறாள்.

“லைலாகிட்ட என்ன சொன்ன?”

“வேலைன்னு சொன்னேன். ‘அந்த வேலையையே கட்டிக்க வேண்டியதுதானே’ன்னு கேட்டா.” சிரிக்க முயன்றான், வரவில்லை.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரமாகியிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் விளையாட்டைத் திறந்தேன். பையில் இறைச்சி இருந்தது. கரித்துண்டை எடுத்து மணலில் போட்டேன்.

இருவர் திரையையும் சேர்த்துப் பார்த்தோம். அவன் வாசற்படியிலிருந்து வெளியே நோக்கிப் புதிதாக ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. நிதானமாகத் தென்னைகளைத் தாண்டி, கடற்கரையைத் தாண்டி, என் வீட்டுப் பக்கம் வந்தது. கரி இல்லாதவர் இருவர் இருந்தால் புதியவரிடம் போகிறது என்று தெரிந்துகொண்டேன்.

“இப்ப கரியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ,” என்றேன்.

“அக்கா, நீங்க தனியாத்தானே இருக்கீங்க?”

“அதான் சொல்றேன். எந்திரி.”

அவன் இறங்கிப் போகும் சத்தத்தை நானும் யுகேந்திரனும் ஒவ்வொரு படியாக எண்ணினோம். இருபத்திரண்டு. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நான்கு நாளாகிறது. தீவில் அது என் வாசற்படிக்கு வந்துவிட்டது. ஏழு மணிக்குள் அலுவலகத்திலிருந்து வந்து விளையாட்டைத் திறந்துவிடுகிறேன். நேற்றுப் படகுத்துறையில் நெரிசல், வந்து சேர ஏழேகால் ஆகிவிட்டது. நான் இருப்பது எட்டாவது மாடி. மின்தூக்கிக்குப் பக்கத்திலிருந்து என் கதவுவரை தரை ஈரமாக இருந்தது.

ஆகவே என் தீர்ப்பு: வாங்காதவர்கள் வாங்க வேண்டாம். யுகேந்திரனும் விற்பனையை நிறுத்திவிட்டான். தீவை அழித்துவிடலாம் என்றும் சொன்னான். தீவு இல்லாவிட்டால் அது எங்கே நிற்கும் என்று கேட்டேன். அழிக்காமல் விட்டிருக்கிறான்.

ஏற்கெனவே வாங்கியவர்களிடம்தான் வேண்டுகோள். கரி வைக்கச் சொன்னது நான். கரி இல்லாமல் நடக்க ஒருவரும் இல்லாதபடி விடவும் முடியாது, தினமும் ஒருவரையே விடவும் முடியாது. ஆளுக்கு ஒரு மாலை போதும். முதல் நாள் அது வீட்டுப் பக்கம் வருவதோடு சரி. வாசலுக்கு வர மூன்று நாள் ஆகிறது. உங்கள் முறை வரும் நாளில் ஏழு மணிக்குக் கரியைக் கீழே போட்டு இறைச்சியோடு நடங்கள். மறுநாள் அடுத்தவர் போட்டதும் உங்கள் கரியை எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பிப் பார்க்கலாம், ஒன்றும் ஆகாது. வீட்டில் குழந்தை இருப்பவர்கள் பெயர் தர வேண்டாம்.

நான் தொலைபேசியில் கேட்டுச் சம்மதம் வாங்கியவர்களின் பட்டியல் கீழே. வெள்ளிக்குச் சுகுமாரன், சனிக்குக் குணாளன், ஞாயிற்றுக்கு பஷீர். திங்களுக்கு யாரும் பெயர் தரவில்லை. தரும்வரை அங்கே என் பெயரையே எழுதி வைத்திருக்கிறேன்.

இன்று வியாழன். மணி ஆறு ஐம்பது. விளையாட்டைத் திறக்கப் போகிறேன்.

ரமணி