உச்சி வெயிலில் பூசணி இலை

பஸ் டிரைவர் இறந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அவர் மனைவி, தையல்காரி, சமையலறை ஜன்னல் வழியே பார்த்தபோது பூசணி இலைகள் துவண்டு தொங்கின. மணி பன்னிரண்டு. வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் தோட்டத்தில் இறங்கினாள்.

மண் சுட்டது. சுடுகிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். கால் வேறு யாருடையதோ போல இருந்தது. இரண்டாவது வாளிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அறுபத்தொன்பது வயது உடம்பு. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே போகலாம் என்று தோன்றவேயில்லை.

"அண்ணி! எங்க அண்ணன் போனது போதாதா? நீங்களும் டிக்கெட் எடுத்தாச்சா?"

நாத்தனார்தான். முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள், நாக்கும் ஊசிதான். வந்த வேகத்தில் வாளியைப் பிடுங்கி வைத்துவிட்டு, அண்ணியைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்து மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தாள். கழுத்தில் ஈரத்துணியைச் சுற்றினாள். தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தாள்.

"பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்."

"அதையும் போட்டுட்டு இந்த வெயில்லயா? காலையிலிருந்து தண்ணி குடிச்சீங்களா?"

"செடிக்கு ஊத்தினேன்."

"பேஷ். பூசணி குடிச்சா உங்க தாகம் அடங்கிடுமா?"

"வாடிப்போச்சேம்மா."

"வாடலை. வெயில் தாங்காம தலையைத் தொங்கப் போட்டிருக்கு. அதுக்கு இருக்கிற புத்திகூட உங்களுக்கு இல்லை. சாயங்காலம் தானா நிமிருதா இல்லையா பாருங்க."

ஐந்தரைக்கு நிமிர்ந்துவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் படாத கடைசிக் கொடிகூட ஒன்றுமே நடக்காததுபோல் இலையை விரித்துக்கொண்டு நின்றது.

தையல்காரி ஜன்னலை விட்டு நகரவில்லை.

"அன்னைக்கு அவர் பேப்பர் படிச்சிட்டு உட்கார்ந்திருந்தாரு," என்றாள், ரவிக்கைக்கு அளவு சொல்கிற குரலில். "நான்தான் சொன்னேன். இலையெல்லாம் தொங்குது, ரெண்டு வாளி ஊத்திட்டு வாங்கன்னு. இதே உச்சி வெயில்ல எழுந்து போனாரு, திரும்பி வரலை."

நாத்தனார் அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். எண்ணி முடித்த பிறகும் கையை விடவில்லை.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லை. உன் அண்ணன் ஆச்சே, உன்கிட்டதான் சொல்லணும்." ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள். "கோபமா இருக்கா?"

"இருக்கு."

நாத்தனார் எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"காலையில ஆறு மணிக்கு வர்றேன். வெயில் ஏறுறதுக்குள்ள ரெண்டு பேருமா ஊத்திடலாம். நான் வர்ற வரைக்கும் தோட்டத்துல காலை வைக்கக் கூடாது, தெரிஞ்சுதா?"

"கோபம்னு சொன்னியே."

"கோபத்தோடதான் வருவேன். கதவைத் திறந்து வைங்க."