ஈயம் இல்லாத பலகை

இந்த முறையும் பலகை பழுப்புக் கோடுகளோடுதான் வெளியே வந்தது. தரைப் பலகை ஆலையில் கலவைகளுக்குப் பொறுப்பானவள் அவள். மெஷினருகே நின்று முதல் அடியிலேயே அதைப் பார்த்துவிட்டாள். வெண்ணெய் நிறத்தில் வழுக்கிக்கொண்டு வரவேண்டிய பிளாஸ்டிக் பலகையின் நடுவே, யாரோ சூட்டுக்கோலால் இழுத்துவிட்டதுபோல் ஒரு கோடு. அடுத்த நிமிடம் இரண்டு. பிறகு தீய்ந்த வாடை.

"நிறுத்திடலாம் அண்ணே," என்றாள்.

மெஷின்காரரை எல்லோரும் பித்தளை என்றுதான் கூப்பிடுவார்கள். பலகைக்கு வடிவம் கொடுக்கும் இரும்பு வாயை ஆலையில் டை என்பார்கள். அதைச் சுரண்ட இரும்பு ஆகாது, கீறிவிடும். அதனால் அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். அவர் பொத்தானை அழுத்தினார். இனி சூடு முழுக்க ஆறுவதற்குள் டையைக் கழற்றி, உள்ளே கருகி ஒட்டியதையெல்லாம் துண்டு துண்டாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். இடுப்பு ஒடிகிற வேலை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவர்தான் அதைச் செய்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு பரிசோதனைக்கூடத்துக்குப் போய்விடுவாள்.

பழைய கலவையில் இந்தத் தொல்லை கிடையாது. அதிலிருந்த ஈயத்தூள் எந்தச் சூட்டிலும் பிளாஸ்டிக்கைக் கருகவிடாது. ஆனால் கலவைப் பிரிவில் மூட்டை பிரித்துக் கொட்டுகிற பெண்களின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருப்பது மருத்துவப் பரிசோதனையில் தெரிந்தது. "ஈயம் இல்லாம செஞ்சு காட்டும்மா," என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். கால்சியமும் துத்தநாகமும் சேர்ந்த தூளைப் போட்டுப் பார்த்தாள். பாதி வழியில் அது காலை வாரிவிட்டது.

முதலாளியம்மா வந்து பலகையைப் புரட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"இன்னும் ஒரு தடவ பாரு. அதுக்கு மேல மெஷின நிறுத்தி வெக்க முடியாதும்மா. பழைய தூளுக்கே சொல்லிவிட வேண்டியதுதான்."

அவர் போன பிறகு கூடத்துக்குத் திரும்ப அவளுக்குக் கால் வரவில்லை.

"இன்னொரு தகடு இருக்கா அண்ணே?"

"உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? கை பொசுங்கிடும்."

"பரவால்ல, குடுங்க. உங்க உயிர வாங்குறதே நான்தான்."

அவர் சிரித்தார். "நான் சமைச்சு கருக்குன பாத்திரத்தப் பாத்திருந்தா இப்படிச் சொல்ல மாட்டீங்க. கடைசில அதத் தூக்கியே போட்டோம்."

கனத்த கையுறை மாட்டிக்கொண்டு இருவரும் சுரண்டினார்கள். கருகியது நகக்கண் அளவாகத்தான் பெயர்ந்தது.

"ஒரு நாள்கூட நீங்க மூஞ்சி சுளிக்கலையே அண்ணே."

அவர் தகட்டைத் துணியில் துடைத்தார். "எங்க வீட்டுக்காரி கலவைலதானே இருந்தா. இனிமே அங்க நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்ப தேறிட்டு வரா. ஆனா அவ எடத்துல வேற ஒருத்தி நிக்கிறால்ல? அவளுக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்கும்ல."

அவள் டைக்குள் பார்வையை இறக்கினாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. கருகல் எல்லா இடத்திலும் இல்லை. உள்ளே வளைகிற இரண்டு மூலைகளில் மட்டும் அப்பியிருந்தது. மற்ற இடம் கண்ணாடிபோல் மின்னியது. சூடுதான் காரணமென்றால் எல்லா இடமும் அல்லவா கருக வேண்டும்? பிளாஸ்டிக் வழுக்கிப் போகாமல் மூலையில் தங்கியிருக்கிறது. தங்கியதால் வெந்திருக்கிறது. பழைய ஈயத்தூள் சூட்டைத் தாங்கியதோடு வழுக்கவும் வைத்திருக்கிறது. அந்த இரண்டாவது வேலையைச் செய்ய அவளுடைய கலவையில் போதுமான பொருள் இல்லை. இத்தனை நாளும் அவள் பலகையை மட்டுமே பார்த்திருந்தாள். டையை அவள் பார்க்கும்போதெல்லாம் அது துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

வழுக்க வைக்கும் மெழுகைக் கூட்டினாள். துத்தநாகத்தைக் கொஞ்சம் குறைத்துக் கால்சியத்தை ஏற்றினாள். சின்னச் சின்னத் துண்டுகளை அடுப்பில் வைத்து, நிறம் மாறுகிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். கடைசித் துண்டும் வெளுப்பாகவே வந்தது.

மறுபடி மெஷின் ஓடியது. பலகை வந்தது. கோடில்லை. காத்திருந்தார்கள். அப்போதும் இல்லை.

"மெதுவா ஓடுதே?" என்றார் முதலாளியம்மா.

"வேகமா விட்டா திரும்பக் கருகிடும்மா. இப்போதைக்கு இவ்வளவுதான் முடியும்."

அவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஓடட்டும். கேக்குறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். பழைய தூளு இனிமே உள்ள வரக் கூடாது."

அவர் நகர்ந்ததும் அவள், "அண்ணே..." என்று ஆரம்பித்தாள்.

"கைய வெச்சுப் பாருங்கம்மா," என்றார் பித்தளை.

பலகைமேல் உள்ளங்கையை வைத்தாள். இப்போதுதான் யாரோ எழுந்து போன இருக்கைபோல் இதமான சூடு. அந்தப் பக்கம் அவரும் கை வைத்தார். பலகை நகர, இருவரும் அதன் நடைக்கே மெல்ல நடந்தார்கள். கலவைப் பிரிவின் கதவருகே ஒரு பெண் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, இதுங்க ரெண்டுக்கும் என்ன ஆச்சு என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.