எதிரணி வேஷக்காரன்

திங்கட்கிழமைதோறும் கோல்பி நோர்டீன் வேறொருவன் ஆகிவிடுவான். பயிற்சி தொடங்கும் முன் துணைக் கோச் ஒரு மஞ்சள் வலைச்சட்டையை அவன் மேல் தூக்கிப் போடுவார். அடுத்த சனிக்கிழமை எந்தக் கல்லூரியோடு மேட்சோ, அந்தக் கல்லூரியின் குவார்ட்டர்பேக் அணியும் எண் அதன் முதுகில் இருக்கும். அமெரிக்கக் கால்பந்தில், பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுத்து ஓடவிடுவது என்று முடிவு செய்கிறவன்தான் குவார்ட்டர்பேக். அந்த வாரம் முழுக்க கோல்பி அவனைப் போல நடக்க வேண்டும், அவனைப் போலக் கத்த வேண்டும், அவனைப் போல எறிய வேண்டும். சொந்த அணியின் தடுப்பு வீரர்கள் அவனைப் பிடித்துக் கீழே தள்ளிப் பழகிக்கொள்வார்கள். சனிக்கிழமை வந்ததும் அசல் ஆள் வந்துவிடுவான். போலிக்கு வேலை இருக்காது.

நான்கு வருஷமாக இதுதான். வடக்கு டகோட்டாவில், பீட்ரூட் வயல்களுக்கு நடுவே இருந்த அந்தச் சிறிய கிறிஸ்தவ சபைக் கல்லூரியில் கோல்பி அளவுக்கு எல்லா எதிரிகளையும் அறிந்தவன் வேறு யாரும் இல்லை. அவனைத்தான் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. கெட்ட பிள்ளைகள் என்று யாரையும் சொல்லிவிட முடியாது. வாரம் முழுக்க எதிராளியாகத் திரிகிறவனை ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் நம்மவனாக நினைத்துக்கொள்ள அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அன்பில்லாமல் நடப்பதை விட, தோன்றாமல் நடப்பதே உலகத்தில் அதிகம்.

வெளியூர் மேட்சுகளுக்குப் பேருந்தில் அவனுக்கு இடம் கிடையாது. அந்தச் சனிக்கிழமைகளில் விடுதி காலியாக இருக்கும். அக்டோபரில் அறுவடை லாரிகள் விடிந்ததிலிருந்து சாலையில் ஓடிக்கொண்டே இருக்கும். திருப்பத்தில் உதிர்ந்த பீட்ரூட் கிழங்குகள் நசுங்கிக் கிடக்கும். கோல்பி ஜன்னலோரம் உட்கார்ந்து வானொலியில் மேட்ச் கேட்பான். அறிவிப்பாளர் சொல்வதற்கு முன்பே, எதிரணிக்காரன் இப்போது இடது பக்கம்தான் எறிவான் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. சாப்பாட்டுக்கூடத்தில் வேலை செய்யும் மார்லிஸ் அம்மாள் அந்த நாட்களில் அவனுக்கென்று உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷை ஒரு தட்டில் மூடி வைத்திருப்பாள். மேட்ச் பற்றி அவள் கேட்கமாட்டாள். சூடாக இருக்கும்போதே சாப்பிடச் சொல்வாள்.

அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான். நிஜ மேட்சில், நிஜ மைதானத்தில், ஒரே ஒரு முறை பந்து தன் கைக்கு வர வேண்டும். பந்து புறப்பட்டு நிற்கும்வரை ஒரு சுற்று. அந்த ஒரு சுற்று போதும். இது கடைசி வருஷம். வசந்தத்தில் படிப்பு முடிந்துவிடும்.

கடைசி மேட்ச் சொந்த மைதானத்தில். அணி ஐந்து ஜெயித்து ஐந்து தோற்றிருந்தது. இதை ஜெயித்தால், நெடுநாளைக்குப் பிறகு தோல்வியை விட வெற்றி அதிகமான வருஷம் என்ற பெயர் கிடைக்கும். கோச் பெர்க்லண்ட் செவ்வாயன்று கோல்பியின் தோளில் தட்டி, நாம் நிறையப் புள்ளிகள் முன்னால் இருந்தால் கடைசியில் உன்னை உள்ளே அனுப்புகிறேன் என்றார். நல்ல மனிதர், சொல்லும்போது அதை நம்பித்தான் சொன்னார்.

மேட்சுக்கு முந்தின நாள் கோல்பியின் அம்மா போனில் கூப்பிட்டாள். கணவன் போன பிறகு, இருநூறு மைலுக்கு அப்பால் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள். கடைசி மேட்சுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். இரண்டு பேர் காய்ச்சலில் விழுந்ததால் விடுப்பு ரத்தாகிவிட்டது. உடை மாற்றும் அறையில் எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்து, கோல்பி சத்தமாகவே பேசினான்.

"பரவால்லம்மா. அழாத. வந்திருந்தாலும் நான் ஓரமாத்தான் நின்னுக்கிட்டு இருப்பேன்."

அவள் போனில் மேட்சைப் பார்ப்பதாகச் சொன்னாள். எப்போதும் அப்படித்தான் பார்க்கிறாளாம். ஓரத்தில் அவன் தலை தெரிகிறதா என்று தேடுவாளாம்.

"தெரியாதும்மா. கேமரா பந்துகூடவே போயிடும். எங்க பக்கம் திரும்பாது."

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது, அலமாரி வரிசைக்கு அந்தப் பக்கம் டாசன் ரீக்கி ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். அணியின் முதல் குவார்ட்டர்பேக். கோல்பியை விட இரண்டு வயது இளையவன். கல்லூரியில் அவனைத் தெரியாத பூனைக்குட்டி கிடையாது. டாசன் நிமிர்ந்து பார்த்தான்.

"இந்த வாரம் நல்லாப் பண்ணினடா. எனக்கே உன்னப் பாத்து எரிச்சலா இருந்துச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை காலையில் லேசாகப் பனி தூறியது. மேட்சுக்கு முன், கடைசி வருஷப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவுக்கு நடந்தார்கள். கோல்பி தனியாக நடந்தான். அறிவிப்பாளர் அவன் குடும்பப் பெயரைத் தப்பாக உச்சரித்தார். கூட்டம் கைதட்டியது, குளிர்க் கையுறை போட்ட கைகள் தட்டும் சத்தம் எப்போதும் தூரத்தில் கேட்பது போலத்தான் இருக்கும்.

எதிரணியின் குவார்ட்டர்பேக்கை நேரில் பார்ப்பது அவனுக்கு விசித்திரமாக இருந்தது. அந்த நடை, தோளை ஒருமுறை உலுக்குவது, எல்லாம் வாரம் முழுக்கத் தன் உடம்பில் இருந்தவை. பழைய நண்பனைப் பார்ப்பது போல இருந்தது. அந்தப் பையனுக்கோ இவன் யார் என்றே தெரியாது.

நிறையப் புள்ளிகள் முன்னால் போகும் யோகம் வாய்க்கவில்லை. மாறி மாறி இழுபறி. கடைசிக் கால்பகுதியில் டாசன் எறிந்த நீண்ட பந்தால் மூன்று புள்ளி முன்னிலை கிடைத்தது. பிறகு எதிரணி மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னேறி வந்து, கடைசியில் பந்தைத் தவறவிட, அது இவர்கள் கைக்கு வந்தது. இனி வேலை சுலபம். பந்தை வாங்கி ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினால் சுற்று முடிந்தது. கடிகாரம் பாட்டுக்கு ஓடித் தீரும். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தால் மேட்ச் முடிந்துவிடும். ஜனங்கள் எழுந்து கார்களை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள்.

மூன்று புள்ளி முன்னிலையில் எந்தக் கோச்சும் ஆளை மாற்றமாட்டார். கை வழுக்கிப் பந்து விழுந்தால் வருஷமே போச்சு. கோல்பிக்கு அது புரிந்தது. கோச் தன் பக்கம் பார்க்காமல் இருக்கக் கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்த விதமும் புரிந்தது. அவருக்குக் கஷ்டம் கொடுக்க வேண்டாம் என்று இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான்.

டாசன் ஒருமுறை மண்டியிட்டான். இரண்டாம் முறை மண்டியிடும்போது கால் இடறியது போலக் குப்புறச் சாய்ந்தான். தலைக்கவசம் கழன்று பனியில் உருண்டது.

நடுவர் விசில் ஊதிக் கடிகாரத்தை நிறுத்தினார். விளையாடும்போது கவசம் கழன்றால் அடுத்த ஒரு சுற்றுக்கு வெளியே உட்கார வேண்டும், அது விதி. இன்னும் ஒரு முறை பந்தை எடுத்தே ஆக வேண்டும். கோச் திரும்பி, இரண்டாம் குவார்ட்டர்பேக் பிரைஸைக் கூப்பிட்டார். பிரைஸ் பெஞ்சில் ஒரு காலில் ஷூ இல்லாமல் உட்கார்ந்து, நாடாவை ஒவ்வொரு ஓட்டையாக நிதானமாகக் கோத்துக்கொண்டிருந்தான்.

"ஷூக்குள்ள கல்லு போயிடுச்சு கோச். ரெண்டே நிமிஷம்."

கோச் ஷூவைப் பார்த்தார். கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த டாசனைப் பார்த்தார். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கவசத்தோட வார் அறுந்துபோச்சா?"

"லூசா இருந்துச்சு கோச்."

பெர்க்லண்டின் முகம் சிவந்தது. ஒரு கணம் அவர் நிஜமாகவே கோபப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு கோல்பியின் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

"ரெண்டு கையாலயும் பிடி. வேற எதுவும் யோசிக்காத."

அந்தப் புல்வெளியில் ஆயிரம் முறை ஓடியிருக்கிறான். ஆனால் அன்றைக்கு நடுக்கோடு வெகு தூரத்தில் இருந்தது. விரல்கள் மரத்துப் போயிருந்தன. முன்வரிசைப் பையன்கள், நான்கு வருஷமாக அவனை எதிராளி வேஷத்திலேயே பார்த்தவர்கள், வட்டமாக நெருங்கி நின்று அவனுக்கு இடம் விட்டார்கள்.  எதிரே குனிந்திருந்த எதிரணியின் பெரிய தடுப்பு வீரன், தோல்வியில் கண் கலங்கியிருந்தவன், இவனுடைய அழுக்கில்லாத உடையைக் கவனித்தான்.

"முதல் தடவையா?" என்றான்.

கோல்பி தலையாட்டினான்.

"மெதுவாப் பண்ணு. நாங்க மோத மாட்டோம்."

பந்து வந்தது. இரண்டு கையாலும் பிடித்தான். எதிர்பார்த்ததைவிட அது கனமாகவும் ஈரமாகவும் இருந்தது. வலது முழங்காலை ஊன்றி, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நடுவர் விசில் ஊதினார். கடிகாரம் ஓடியது. எழுந்திருக்கலாம், ஆனால் அவன் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

மேட்ச் முடிந்ததும் எல்லோரும் டாசன் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். டாசன் போகிற போக்கில் நின்று அவனையும் வரச் சொன்னான். கோல்பி நன்றி சொல்ல வாயெடுத்தான்.

"எதுக்கு? வார் லூசுடா. உனக்கு ஒரு தடவை சொன்னாப் புரியாதா?"

பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கோல்பி காலியான அறையில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டான்.  கடைசி நேரத்தில் ஓர் அறையில் மணி அடித்தது என்றாள் அவள். படுக்கையில் இருந்தவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டியிருந்தது. போனைப் பக்கத்து நாற்காலியில் இருந்த, இல்லத்தில் வசிக்கும் கிழவி ஓஸ்ட்பி அம்மாளிடம் கொடுத்துவிட்டு ஓடினாளாம். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"நான் பாக்கலடா கண்ணா. நாலு வருஷமாத் தேடினேன். வந்த நேரம் பாத்து நான் அங்க இல்ல."

 அந்த அறையில் ஈரத் துண்டுகளின் வாடையும் சொட்டும் குழாயும் அவனும்தான் இருந்தார்கள்.

"ஓஸ்ட்பி அம்மா பாத்தாங்க," என்றாள் அவள். "அவங்களுக்கு இப்பல்லாம் ஒண்ணும் சரியா ஞாபகம் இருக்கறதில்ல. ஆனா என் கையப் பிடிச்சுக்கிட்டு திருப்பித் திருப்பிச் சொல்றாங்க. உன் பையன் நல்ல பையன். அத்தனை பேருக்கு நடுவுல, ஆட்டத்த நிறுத்திட்டு, மண்டி போட்டு ஜெபம் பண்ணினான்னு. நான் அது இல்லன்னு சொன்னேன். அவங்க கேக்கல."

மறுமுனையில் யாரோ கிழக்குரலில் ஏதோ சொல்வது கேட்டது. வெளியே கார்கள் கிளம்பிக்கொண்டிருந்தன.

"அவங்ககிட்ட மறுத்துச் சொல்லாதம்மா," என்றான் கோல்பி. "அவங்க சரியாத்தான் பாத்திருக்காங்க."