வளைவுக்கு இந்தப் பக்கம்

இரண்டே பேர் உட்காரக்கூடிய அந்த ஜெர்மன் பந்தயக் காரை மருதாசலம் ஒன்பது வருஷமாகக் குவார்ட்டர்ஸ் கொல்லையில் வைத்துப் பழுது பார்த்தார். சுரங்கத்தில் ஃபிட்டர். இந்த மாதக் கடைசியில் பணி ஓய்வு. வீட்டைக் காலி செய்து, அதே காரில் பொள்ளாச்சியில் போய் இறங்க வேண்டும். அந்த ஒரு நினைப்பில்தான் அத்தனை ஷிப்டும் கழிந்தது.

கார், சுரங்க வேலைக்கு வந்த ஜெர்மன் என்ஜினீயருடையது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் ஊர் திரும்பியபோது காடாம்புலியூர் முந்திரி வியாபாரி சடையப்பனிடம் கைகுலுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். காகிதம் எதையும் மாற்றவில்லை. சடையப்பன் மூன்று முறை ஓட்டினார். மூன்றாம் முறை பலாமரத்தில் மோதினார். பிறகு அது கிடங்கில் மூட்டை அடுக்கத்தான் உதவியது. அவர் இறந்தபின், மோட்டார் பம்பைச் சரிசெய்ய வந்த மருதாசலத்திடம் சடையப்பனின் மனைவி பெரியநாயகி சொன்னாள்: "இத்த எடுத்துகினு போயிடுங்க. எடத்த அடைச்சிகினு கெடக்குது."

பிஸ்டன் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து அதை அசைக்கவே நாற்பது நாள் ஆனது. கடைசி வேலை பெயின்ட். பழைய பூச்சைச் சுரண்டியபோது அடியில் வெள்ளி நிறம் தெரியத்தான் செய்தது. ஆனால் பண்ருட்டிக் கடைக்காரர் நிற அட்டையை நீட்டியதும், விரல் தானாகச் சுரங்க இயந்திரங்களின் மஞ்சளில் போய் நின்றது. இருபத்தாறு வருஷமாக அவர் கண்ணுக்கு இரும்பின் நிறம் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி தனபாக்கியத்தை உட்காரவைத்து வெள்ளோட்டம் விட்டார். இரண்டு மைல் சத்தமில்லாமல் ஓடியது. டவுன்ஷிப் நுழைவாயில் வளைவில் காவலர் கொளஞ்சிநாதன் கை காட்டி நிறுத்தினார். கம்பெனி மஞ்சளில் இருக்கும் எதுவும் பாஸ் இல்லாமல் வளைவைத் தாண்ட முடியாது. ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்ட பிறகுதான் விசாரிப்பார்கள்.

வேறு நிறம் அடித்துக்கொண்டு வருவதாக மருதாசலம் சொன்னார்.

"ரிஜிஸ்டர்ல ஏத்திட்டேனே சார். இனிமே நீங்க பச்சை அடிச்சாலும் இது மஞ்ச வண்டிதான்."

வண்டி வளைவோரமே நின்றது. பாஸுக்கு ஆர்.சி. புத்தகம் வேண்டும் என்றார்கள். புத்தகத்தில் ஜெர்மன்காரர் பெயர் இருந்தது. அவர் கையெழுத்துக்கு எழுதிப் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. பதினெட்டு நாள் மருதாசலம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். நாற்காலி போட்டார்கள். தேநீர் கொடுத்தார்கள்.

கடைசி நாள் சாமான்கள் லாரியில் முன்னால் போயின. வளைவருகே பஸ்ஸுக்கு வந்தபோது மருதாசலம் சாவியைக் கொளஞ்சிநாதனிடம் நீட்டினார்.

"வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி உடுங்க. இல்லாட்டி மறுபடியும் இறுகிப் போயிருமுங்க."

கொளஞ்சிநாதன் சாவியை வாங்கிக்கொண்டு, ரிஜிஸ்டரைத் திறந்து அதையும் எழுதினார்.

பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. தனபாக்கியம் கார் தெரியாத பக்கமாகப் பார்த்து இடம் பிடித்தாள். அவரும் அவளருகே போய் உட்கார்ந்துகொண்டார்.