மாநாட்டில் பாதிக்கு மேல்

தெருவிளக்குப் பிரிவு குமாஸ்தாவுக்கும் பதவி உயர்வுக்கும் நடுவே ஆறு மணி நேரப் பயிற்சி குறுக்கே படுத்திருந்தது. வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. பயிற்சிப் பிரிவில் முத்திரை குத்துகிறவன் சொந்த மச்சினன்.

"நாளைக்குத் தெருவிளக்கு மாநாடு போறேன். அதையே பயிற்சின்னு குத்திடேன்டா."

"பாதி நேரத்துக்கு மேல பேச்சாளரும் கூட்டமும் கேள்வி பதில்னு பேசியிருக்கணும் மாமா. சும்மா டீ குடிச்சுட்டு வந்தா அது பயிற்சி இல்ல."

"உன் அக்கா புருஷன்டா நான்."

"அதுக்கு விதியில இடமில்ல மாமா."

மறுநாள் தலைமை அலுவலகப் பொறியாளர் 'மின்கம்பமும் மனிதனும்' பற்றி மூச்சு விடாமல் இருபது நிமிடம் பேசினார். கூட்டம் கண்ணயர்ந்தது. குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார்.

"ஐயா, விளக்கு விட்டு விட்டு எரிஞ்சா பதிவேட்டுல 'எரியுது'ன்னு எழுதறதா, 'எரியல'ன்னா?"

"எழுதும்போது எப்படி இருக்கோ அப்படி."

"பேனாவை வைக்கும்போது எரிஞ்சு, எடுக்கும்போது அணைஞ்சா?"

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தூங்கியவர்கள் நிமிர்ந்தார்கள். குமாஸ்தாவுக்கு உற்சாகம் பீறிட்டது. கேள்வியை விளக்க ஓர் உதாரணம், உதாரணத்தை விளக்க ஒரு படம், படம் போட மேடை. மதியத்துக்குள் மைக் அவர் கையில் இருந்தது. பொறியாளர் முதல் வரிசையில் உட்கார்ந்து, பவ்யமாகக் குறிப்பெடுத்தபடி நடுநடுவே கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் குமாஸ்தாவுக்குப் பூச்செண்டு வேறு கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் சான்றிதழை நீட்டினார். மச்சினன் அதை இரண்டு தடவை படித்தான்.

"'சிறப்புரை ஆற்றியமைக்கு நன்றி'ன்னு போட்டிருக்கே மாமா. பேச்சாளருக்குப் பயிற்சி கிடையாது."

"நீதானேடா பேசச் சொன்னே!"

"கேள்வி கேக்கச் சொன்னேன். மேடை ஏறவா சொன்னேன்?"

"அப்போ அந்தப் பொறியாளர்?"

"அவர் கேட்டவராச்சே. அவருக்கும் ஆறு மணி நேரம்தான் குறைஞ்சுதாம். இப்பத்தான் குத்திக்கொடுத்தேன்."

குமாஸ்தா நாற்காலியில் சரிந்தார். மச்சினனுக்கே பாவமாக இருந்தது.

"நாளைக்குக் குடிநீர் மாநாடு இருக்கு. எழுந்து கேளுங்க, பதில் வந்ததும் உட்காருங்க. மேடைப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க. முடியுமா?"

"அது என்ன பெரிய விஷயம்? சரி, ஒண்ணு சொல்லு. குழாய் சொட்டிக்கிட்டே இருந்தா, தண்ணி 'வருது'ன்னு எழுதறதா..."

"மாமா, மேஜையை விட்டு இறங்குங்க."